கொயினா தந்த நம்பிக்கையும் மூச்சுக்குழல் சொன்ன தீர்ப்பும்

நோய்க்கு மருந்து கண்டோம் என்னும் சொல் காதில் விழுந்ததும் மகிழ்வோர் பலர். அதனை எதில் சோதித்தீர் என்று கேட்போர் சிலரே. அக்கேள்வியைக் கேளாமையால் 2020ஆம் ஆண்டில் உலகம் பட்ட பாடு பெரிது. அவ்வரலாற்றில் நமது பேராக் மாநிலத்துக்கும் ஓர் இடம் உண்டு. ஆதலின் தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் தமிழ் மக்கள் அதனை அறிந்திருத்தல் நலம்.

1998 செப்டம்பர் மாத இறுதியில், ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் ஒரு கொடிய காய்ச்சல் தோன்றிற்று. பண்ணையாட்கள் தலைவலியில் தொடங்கி, நினைவிழந்து மாண்டனர். பன்றிகளோ நெடுந்தூரம் கேட்கும்படி இருமின. கொசுவினால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலே இது என்று கருதிய சர்க்கார், புகையடித்தும் தடுப்பூசி குத்தியும் பார்த்தது, சாவு நின்றபாடில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவரைப் பற்றுவது. இங்கோ பன்றியைத் தொட்டு வேலை செய்த வளர்ந்த ஆடவரே விழுந்தனர். நோயுற்ற பன்றிகள் விற்பனையாகித் தெற்கே நெகிரி செம்பிலானுக்குச் சென்றபோது, நோயும் உடன் சென்றது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர் சுவா காவ் பிங், நோயாளி ஒருவரின் தண்டுவட நீரை, கண்ணாடிக் கலத்தில் வளர்த்த உயிரணுக்களின்மீது இட்டு நோக்கினார். அவ்வணுக்கள் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962இல் ஜப்பானியர் எடுத்து வளர்த்த 'வீரோ' என்னும் வகையின. சில நாட்களில் அவை ஒன்றோடொன்று கலந்து பேரணுக்களாயின. எதிர்பார்த்த கிருமியின் செயல் அதுவன்று. புதியதொரு கிருமியே அகப்பட்டது. சுங்கை நிப்பா என்னும் சிற்றூரின் பெயரால் அதனை 'நிப்பா' என்றனர். மலேசியாவில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் இறந்தனர். சுமார் பத்து லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. இறந்த பன்றிகளை அறுத்து ஆராய்ந்தோர், அவற்றின் மூச்சுக்குழலை மூடியுள்ள அணுக்களில் அக்கிருமி பெருகியிருக்கக் கண்டனர். இருமலே அதற்கு வாகனமாயிற்று.

குரங்கின் அணு அன்று மெய் பேசிற்று. ஆயினும் எல்லா வழக்குக்கும் அதுவே சாட்சியாகுமா? ஆகாது என்பதற்கு அதனினும் பழைய சான்று ஒன்று உளது. 1965இல் இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகரில் ஜலதோஷத்தை ஆராய்ந்த டிரெல், பைனோ என்னும் இருவர், வழக்கமான அணுக்களில் வளர மறுத்த ஒரு கிருமியை மனித மூச்சுக்குழல் துண்டுகளில் வளர்த்துக் காட்டினர். பின்னாளில் கொரோனா எனப் பெயர் பெற்ற கூட்டத்தைச் சேர்ந்தது அது. மூச்சைத் தாக்கும் கிருமியை மூச்சுக்குழலிடமே விசாரிக்க வேண்டும் என்னும் நியாயம் அன்றே விளங்கிற்று.

1980களின் பிற்பகுதியில் அம்முறை வளர்ந்தது. மனித மூச்சுக்குழலின் அணுக்களை நுண்துளைகள் உள்ள மெல்லிய சவ்வின்மேல் பரப்புவர். கீழே ஊட்டநீர், மேலே காற்று. சில வாரங்களில் அணுக்கள் உடலில் உள்ளவாறே அடுக்காக அமைந்து, சளியைச் சுரந்து, நுண்மயிர்களை அசைத்து அச்சளியைத் தள்ளத் தொடங்கும். கிருமியின் போக்கையும் மருந்தின் வன்மையையும் மனிதரைத் துன்புறுத்தாமல் அதில் காணலாம்.

இனிக் குளோரோகுயின் கதைக்கு வருவோம். காலைப் பெரட்டில் கொயினா விழுங்கிய தலைமுறையின் மக்கள் நாம். அக்கொயினாவை ஒட்டி 1934இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஆக்கப்பட்டதே குளோரோகுயின். மலேரியாவுக்கு அது கண்கண்ட மருந்தாக விளங்கிற்று. 2009இல், நிப்பாவையும் அது கலத்திலுள்ள அணுக்களில் தடுக்கிறது என்றனர். அவ்வாண்டே மரநாய் இனத்துப் பிராணிகளுக்கு அதனைக் கொடுத்துப் பார்த்தபோது, அவற்றை நோயினின்று காக்கவில்லை. கலத்தில் வென்ற மருந்து உடலில் தோற்கக்கூடும் என்னும் பாடம் அன்றே எழுதப்பட்டுவிட்டது. படித்தவர் எத்தனை பேர்?

2020 ஜனவரியில், சீன விஞ்ஞானிகள் மனித மூச்சுக்குழல் அணுக்களைக் கொண்டே கோவிட் கிருமியைப் பிரித்தெடுத்தனர். பிப்ரவரியில், வீரோ அணுக்களில் அக்கிருமியைக் குளோரோகுயின் அடக்குகிறது என்ற செய்தி வந்தது. உடனே உலகம் அதன்மேல் பாய்ந்தது. மார்ச்சில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதன் உடன்பிறப்பாகிய ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை மருத்துவ ஊழியர்க்கு முன்காப்பாகப் பரிந்துரைத்தது. மலேசிய மருத்துவமனைகளிலும் அது வழங்கப்பட்டது. மூட்டுவாதம் முதலியவற்றுக்காக நெடுநாள் அதனை உண்டுவந்த நோயாளிகள் பல நாடுகளில் அது கிடைக்காமல் தவித்தனர்.

மூச்சுக்குழல் சொன்ன தீர்ப்போ வேறு. வீரோ அணுவினுள் கிருமி ஒரு சிறு பையில் புகுந்து, அதன் புளிப்பின் உதவியால் வெளிப்படுகிறது. குளோரோகுயின் அப்புளிப்பைக் குறைத்து வழியை அடைக்கிறது. மனித மூச்சுக்குழல் அணுவின் மேற்பரப்பிலோ கிருமிக்குக் கதவு திறந்துவிடும் ஒரு நொதி இருக்கிறது. பையின் துணை அங்குத் தேவையில்லை. அடைத்த வழி ஒன்று, கிருமி நுழைந்த வழி வேறு! 2020 ஜூலையில் ஜெர்மானியர் நுரையீரல் அணுக்களிலும், பிரெஞ்சுக்காரர் மூச்சுக்குழல் அணுக்களிலும் குரங்குகளிலும் அம்மருந்து பயனற்றதெனக் காட்டினர். அதற்கு முன்பே ஜூன் மாதத்தில் பிரிட்டனின் 'ரெகவரி' ஆராய்ச்சி மனிதரிடத்து முடிவு கண்டிருந்தது: மருந்து பெற்ற 1,561 பேரில் 28 நாட்களுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 27, பெறாத 3,155 பேரில் நூற்றுக்கு 25.

தோட்டத்தில் பால் நிறுப்போர் இதனை எளிதில் உணர்வர். வாளியிலுள்ள பாலின் எடை ஒன்று. நீர் போக நிற்கும் ரப்பரின் எடை வேறு. தராசு பொய் சொல்வதில்லை. எதனை நிறுத்தோம் என்பதை நாம் மறந்தால் கணக்குத்தான் பொய்யாகும். கிந்தாவில் தொடங்கிய நோயின் கிருமியைக் காட்டிக் கொடுத்த வீரோ அணுவைப் பழிப்பதற்கில்லை. கேளாத கேள்விக்கு அதனிடம் விடை பெற்றுக்கொண்ட அவசரமே பழிக்கத்தக்கது. மூச்சுக்குழல் அணுவும் முழு மனிதனாகிவிடாது. இரத்தமும் ஈரலும் இதயமும் அக்கலத்தில் இல்லை. ஆகவே அணுவில் ஐயம் எழுப்பி, பிராணியில் ஆராய்ந்து, முடிவாக மனிதரிடத்து முறையாக ஒப்பிட்டறிந்ததே மருந்து எனப்படும். அம்மூன்று படியும் ஏறாத மருந்தை எவர் புகழ்ந்தாலும், அது எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்பது நமது உரிமை. நம் குழந்தைகளின் உயிரை எண்ணும்போது, அதுவே நமது கடமையுமாகும்.