சிறுவர் களிமண் கைவேலை: சேலம், நாமக்கல் சமவெளி

ஏரிக் களிமண்ணைப் பிசைந்து, சுற்றுவட்டாரத்தில் கண்ட மாடு, பறவை, காய், கனி, இலை போன்றவற்றைச் சிறுவர் உருவமாக்கும் கைவேலை. சக்கரத்தில் சுற்றிச் செய்வது வனைதல். கையால் உருவம் செய்வது பிடித்தல். சிறுவர் செய்வது பெரும்பாலும் பிடித்தலே. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த பழமொழியும் இந்த வேலையைத்தான் சொல்கிறது. குழந்தைகளைக் கேட்டால், குரங்கும் நல்ல முடிவுதான்.

இது பழைய விளையாட்டு. ஆற்றங்கரை வண்டலில் சிறுமியர் செய்த பாவையைச் சங்கப் பாடல்கள் வண்டற்பாவை என்கின்றன. சிறுமியர் கட்டும் மணல்வீட்டை வைத்துப் பிள்ளைத்தமிழில் சிற்றில் என்று ஒரு பருவமே உண்டு. கீழடி அகழாய்வில் சுடுமண் உருவங்களும், பானை ஓட்டைத் தேய்த்துச் செய்த சில்லுகளும் கிடைத்துள்ளன. அடுப்பு, சட்டி, உலக்கை எனச் சிறுமியர் வைத்து விளையாடும் சொப்புச் சாமான், இந்த வரிசையில் நம் காலத்துப் பாட்டிமார் வரை வந்தது.

மண்

1997 ஜனவரி 1 அன்று சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமானது. மண் என்னவோ இரண்டிலும் ஒன்றுதான். மேட்டு நிலம் பெரும்பாலும் செம்மண். அதைப் பிடித்தால் உதிரும். மழைநீர் அடித்து வரும் நுண்துகள் படிந்த ஏரிப்படுகையில்தான் ஒட்டும் களிமண் கிடைக்கும். சித்திரை, வைகாசியில் ஏரி வற்றிப் பாளம் பாளமாக வெடிக்கும்போது பெயர்த்தெடுப்பது எளிது. பள்ளி விடுமுறையும் அப்போதுதான். ஈர மண்ணைச் சுண்டுவிரல் பருமனுக்குத் திரியாக உருட்டி விரலைச் சுற்றி வளைக்க வேண்டும். வெடிக்காவிட்டால் அது நல்ல களி. சலித்த புற்றுமண்ணும் உதவும்.

சேலத்துக்கு வடக்கே வெள்ளைக்கல் சுரங்கங்களில் கிடக்கும் வெண்பொடியைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது மக்னீசியம் கார்பனேட். எவ்வளவு நீர் விட்டாலும் களிபோலப் பிசைய வராது. சுக்கான்கல் கலந்த மண் வேறு வகைத் தொல்லை. பொம்மை சூளையிலிருந்து முழுதாக வந்துவிடும். உள்ளே சுண்ணாம்பாகிவிட்ட சிறு கல் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, சில நாளில் மேற்பரப்பைப் பொரிந்து விழச் செய்யும். சாயக்கழிவும் ஜவ்வரிசி ஆலைக் கழிவும் கலந்த திருமணிமுத்தாற்று மண்ணைக் குழந்தைகள் கையில் கொடுக்கவே வேண்டாம். உள்ளூர் மண்பாண்டத் தொழிலாளரிடம் பதமான மண்ணை விலைக்கு வாங்குவதே எல்லாவற்றிலும் நல்லது. நீர்நிலைகளில் மண் எடுக்க அவர்களுக்கு இலவச அனுமதி உண்டு; 2024 முதல் அதை வட்டாட்சியரே வழங்குகிறார்.

செய்முறை

காய்ந்த கட்டியை உடைத்து, ஓரிரவு ஊறவைத்து, துணியில் வடித்து, நீர் சுண்டியபின் கொஞ்சம் ஆற்றுமணல் கலந்து மிதிக்க வேண்டும். மிதிப்பதுதான் குழந்தைகளுக்குத் திருவிழா. மிதித்த மண்ணை ஈரச்சாக்கில் சுற்றிவைத்தால் பல நாள் பதம் கெடாது.

உலரும்போது களி பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கும். விரிசல் எல்லாம் இதனால்தான். தலையையும் உடலையும் வெறுமனே ஒட்டினால் கழன்றுவிடும். இரு பக்கமும் கீறி, குழைசேறு தடவி அழுத்த வேண்டும். பருத்த உருவத்தின் உள்ளே குடைந்து, அடியில் ஒரு துளை விட வேண்டும். நிழலில்தான் காயவைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் எதுவும் காயாது. அரசு மண்பாண்டத் தொழிலாளருக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தருவதும் இந்தக் காரணத்தால்தான். ஏறத்தாழ 600 பாகைக்கு மேல் சுட்ட மண் மறுபடி சேறாகாது. மண்ணிலுள்ள இரும்பு அதைச் சிவப்பாக்கும். காற்றை அடைத்துப் புகையில் சுட்டால் கறுக்கும்.

உருவங்கள்

எளிதில் கைகூடுவது அச்சுப்பதிவு. விரல்விரலாய் விரிந்த மரவள்ளி இலையைத் தட்டிய களியின்மேல் வைத்து உருட்டினால் நரம்புவரை பதியும். மல்கோவா மாம்பழம், நிலக்கடலை, முட்டை மேல் உட்கார்ந்த கோழி (நாமக்கல்லில் வேறென்ன?) ஆகியவை அடுத்த படி. கொக்கு கடினம். ஈர்க்குச்சியைக் காலாக ஈரத்திலேயே செருகினால், மண் சுருங்கி அதைச் சுற்றி வெடிக்கும். துளையை மட்டும் பெரிதாக விட்டு, காய்ந்தபின் செருக வேண்டும். கொக்கைப் பார்த்துவரச் சேலத்தில் நல்ல இடம் கன்னங்குறிச்சி மூக்கனேரி. 2010-இல் சேலம் மக்கள் குழு தூர்வாரியபோது அந்த மண்ணைக் கொண்டே ஏரிக்குள் சிறு தீவுகள் அமைத்தது.

ஜன்னல் மூலையில் சிறு சொம்பு போலக் கூடு கட்டும் குளவியையும், பாலத்தடியில் சேற்றுருண்டைகளை அடுக்கும் தகைவிலானையும் அரைமணி நேரம் பார்த்த குழந்தைக்குப் பாத்திரம் செய்யும் பாடம் பாதி முடிந்ததுபோல்தான்.

மண் உருவத்துக்கு இங்கே வழிபாட்டிலும் இடமுண்டு. நேர்ந்துகொண்டு கோயிலில் வைக்கும் மாடு, குழந்தை, கை, கால் உருவங்களைக் கொங்குப் பகுதியில் உருவாரம் என்பர். விநாயகர் சதுர்த்திக்குக் குழந்தைகள் பிடிக்கும் பிள்ளையாருக்குக் கண்ணாகக் குன்றிமணி வைப்பது வழக்கம். அழகுதான், ஆனால் மென்றால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு அது. சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மிளகு போதும். வேலை முடிந்ததும் நகக்கண் வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

பள்ளியில்

1837-இல் ஜெர்மனியில் மழலையர் பள்ளி தொடங்கிய ஃப்ரோபெல், களிமண் வேலையைப் பாடத்தில் சேர்த்தார். 1897-இல் இங்கிலாந்தின் ஓவிய ஆசிரியர் வில்லியம் ஹார்பட், காயாத பிளாஸ்டிசினை உருவாக்கினார். இன்று கடைகளில் விற்கும் வண்ணக் களி அதன் உறவு. கையில் ஒட்டாது, சுருங்காது, வெடிக்காது. அதனால் மண்ணைப் பற்றி அது எதையும் சொல்லித் தருவதும் இல்லை. ஏரி மண் அப்படியல்ல. சுடாத பொம்மை நன்றாகக் காய்ந்திருந்தால், தொட்டியில் போட்டு நீர் ஊற்றியதும் கரைந்துவிடும். தெளிந்த நீரை இறுத்துவிட்டு அதே மண்ணில் வேறு உருவம் பிடிக்கலாம்.