கிதாபைத் தாங்கிய காகிதம்

நூல்களின் பெருமையை எடுத்துரைக்கும் நம்மவர் இயற்றிய ஆசிரியரின் புலமையைப் பேசுவர். எழுதிய காத்திபின் கைவண்ணத்தைப் பாராட்டுவர். அவ்விருவரின் உழைப்பையும் நூற்றாண்டுகள் கடந்து நம் கையில் சேர்ப்பித்த காகிதத்தைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. நம் முன்னோர் காகிதத்தை அவ்வாறு எளிதாக எண்ணியவரல்லர். எப்பணிக்கு எத்தாள் தகும் என்று ஆராய்ந்து, அதற்கேற்பக் கூழ் அரைத்து, சாயம் தோய்த்து, பசை பூசி, மெருகிட்டுப் பயன்படுத்தினர். அந்த அறிவு வளர்ந்த வரலாற்றையும், அது நம் இல்லங்களில் மங்கிப்போனதால் நேரும் இழப்பையும் இங்குச் சிறிது காண்போம்.

'காகிதம்' என்னும் சொல்லே நமக்கு ஒரு வரலாற்றைச் சொல்கிறது. பாரசீகத்தில் காகஸ் என்றும், அரபியில் காகித் என்றும் வழங்கிய சொல்லே தமிழில் காகிதமாயிற்று. பனையோலையில் எழுதிப் பழகிய நாட்டுக்குப் பொருளும் பெயரும் ஒருங்கே வந்து சேர்ந்தன. திருக்குர்ஆனில் ஸூரத்துல் அன்ஆமில் 'கிர்த்தாஸ்' என்ற சொல் காணப்படுகிறது. அது இறங்கிய காலத்து அரபு மக்கள் அச்சொல்லால் அறிந்தது நாம் இன்று அறியும் காகிதத்தையன்று. எகிப்திய நாணற்புல்லாலான பாப்பிரஸ் போன்ற எழுதுபொருள்களையே.

சீன அரசவையில் பணியாற்றிய சாய் லுன் என்பார் கி.பி. 105-ஆம் ஆண்டில் காகிதம் செய்யும் முறையை மன்னருக்கு அறிவித்தார் என்பது வரலாறு. 751-ஆம் ஆண்டு தலாஸ் ஆற்றங்கரையில் நடந்த போரில் சிறைப்பட்ட சீனர்கள் ஸமர்கந்து நகரத்தாருக்கு இக்கலையைக் கற்பித்தனர் என்று ஸஆலிபீ முதலான ஆசிரியர்கள் எழுதிவைத்தனர். ஆயினும் அப்போருக்கு முன்னரே மத்திய ஆசியாவில் காகிதம் வழங்கியதற்குச் சான்றுகள் கிடைத்துள்ளமையால், வணிகர் வழியாக அது மெல்லப் பரவியது என்று கொள்வதே பொருந்தும். மரப்பட்டையைப் பெரிதும் நம்பிய சீன முறையிலிருந்து வேறுபட்டு, கந்தலான ஆளிநார்த் துணியையும் சணலையும் ஊறவைத்து இடித்துக் கூழாக்கும் முறையை முஸ்லிம் கைவினைஞர்கள் செம்மைப்படுத்தினர்.

மை ஊறும் தாள்

பாக்தாதில் காகிதம் செய்யத் தூண்டியவர் அப்பாஸிய அமைச்சர் ஃபள்லு இப்னு யஹ்யா அல் பர்மகீ என்று இப்னு கல்தூன் குறிப்பிடுகிறார். அரசு அலுவலகங்களான திவான்களில் காகிதம் ஏற்றுக்கொள்ளப்பட்டதற்கு அதன் மலிவு மட்டும் காரணமன்று. தோலில் எழுதியதைச் சுரண்டி அழித்துவிட்டு வேறொன்று எழுதலாம். காகிதத்திலோ மை இழைகளுக்குள் ஊறிவிடும். அழித்தால் தடம் காட்டிக்கொடுத்துவிடும். வரிக்கணக்கும் நிலப்பட்டாவும் எழுதுவோருக்கு இதனினும் வேண்டுவது யாது?

பாக்தாதின் வர்ராக்குகள், அதாவது தாள் விற்போரும் நூல் படியெடுப்போருமானவர்கள், தமக்கெனத் தனிக் கடைவீதியே வைத்திருந்தனர். அங்கு நூற்றுக்கு மேற்பட்ட கடைகள் இருந்தன என்று ஒன்பதாம் நூற்றாண்டில் யஃகூபீ எழுதினார். தாமும் வர்ராக்காக விளங்கிய இப்னுந் நதீம், ஹிஜ்ரி 377-இல் (கி.பி. 987) தொகுத்த 'அல் ஃபிஹ்ரிஸ்த்' என்னும் நூலில் ஸுலைமானீ, தல்ஹீ, நூஹீ, ஃபிர்அவ்னீ, ஜஅஃபரீ, தாஹிரீ எனக் காகித வகைகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறார். இவற்றுட் பல, ஆதரித்த ஆட்சியாளர்களின் பெயரால் அமைந்தவை.

எகிப்தின் மம்லூக் ஆட்சியில் திவான் எழுத்தராயிருந்த கல்கஷந்தீ (மறைவு 1418) தம் 'ஸுப்ஹுல் அஃஷா' என்னும் பெருநூலில் இதனை இன்னும் விரித்துரைக்கிறார். பாக்தாத் காகிதமே தலைசிறந்தது. அதன் முழு அளவுத் தாள் கலீஃபாக்களின் ஆவணங்களுக்கும் பேரரசர்க்கு எழுதும் மடல்களுக்கும் உரியது. பெறுபவரின் தகுதி குறையக் குறையத் தாளின் அளவும் குறையும் என்பது அவர் தரும் செய்தி. தூதுப் புறாவின் மூலம் அனுப்பும் செய்திக்கு 'வரகுத் தைர்' எனப்பட்ட மெல்லிய தனிக் காகிதம் இருந்தது. தாளைக் கண்ட மாத்திரத்தில் மடலின் தரத்தை அறிந்துகொள்ளும் காலம் அது.

மை மேலே நிற்கும் தாள்

திவானுக்கு உகந்த தாள் குர்ஆன் பிரதி எழுதும் கலைஞனுக்கு உகவாது. மை ஊறிப் படர்ந்தால் எழுத்தின் ஓரம் கெடும். நாணற் பேனா தடைப்படும். ஆகவே தாளின்மீது மாவுக் கஞ்சியோ, படிகாரம் கலந்த முட்டை வெண்கருவோ பூசி உலர்த்தி, அகீக் கல்லாலோ கண்ணாடியாலோ தேய்த்து மெருகேற்றினர். இப்பூச்சுக்கு 'ஆஹார்' என்று பெயர். இவ்வாறு பக்குவம் செய்த தாளில் மை மேற்பரப்பிலேயே நிற்கும். பிழை நேர்ந்தால் ஈரம் தொட்டு நீக்கித் திருத்தலாம். முன்னதில் திருத்த இயலாமை சிறப்பு. பின்னதில் திருத்த இயல்வதே சிறப்பு. இரண்டும் காகிதமே, பணிதான் வேறு.

நிறத்திலும் அவர்கள் கருத்துச் செலுத்தினர். வட ஆப்பிரிக்காவின் ஸீரீ மரபு அரசர் முஇஸ்ஸு இப்னு பாதீஸ் (மறைவு 1062) பெயரால் வழங்கும் 'உம்தத்துல் குத்தாப்' என்னும் நூல், காகிதம் செய்யவும் சாயமிடவும் மை காய்ச்சவும் வழி சொல்கிறது. அந்தலூஸின் ஷாத்திபா நகரக் காகிதத்துக்கு ஈடில்லை என்று புவியியல் அறிஞர் இத்ரீஸீ பன்னிரண்டாம் நூற்றாண்டில் புகழ்ந்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டு அந்தலூஸில் இளஞ்சிவப்புத் தாளில் எழுதப்பெற்ற குர்ஆன் பிரதியின் ஏடுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. ஹிராத் நகரின் புகழ்பெற்ற எழுத்துக் கலைஞர் ஸுல்தான் அலீ மஷ்ஹதீ, குங்குமப்பூவும் மருதாணியும் சில துளி மையும் சேர்த்துத் தாளுக்குச் சாயமிடச் சொன்னார். வெள்ளை வெளேரென்ற தாள் கண்ணை உறுத்தும். மங்கிய நிறம் கண்ணுக்கு இதம் தரும் என்பதே இதன் கருத்து. இன்று பல முஸ்ஹஃபுகளை இளமஞ்சள் தாளில் அச்சிடுவோரும் இவ்வுண்மையையே பின்பற்றுகின்றனர்.

பொற்றுகள் தூவிய ஸர்அஃப்ஷான் தாளும் மேகத்தாளும் இவ்வரிசையில் சேர்வன. மேகம் என்று பொருள்படும் 'அப்ர்' என்ற பாரசீகச் சொல்லால் அப்ரீ என்றும், துருக்கியில் எப்ரு என்றும் வழங்கும் இத்தாளைச் செய்யும் முறை வியப்புக்குரியது. முட்செடி ஒன்றின் பிசினைக் கரைத்துக் கெட்டியாக்கிய நீரின்மேல், மாட்டுப் பித்தநீர் கலந்த வண்ணங்களைக் குதிரைமயிர்த் தூரிகையால் தெளிப்பர். பித்தநீரின் வலிமையால் வண்ணம் அமிழாது, ஒன்றோடொன்று கலவாது மிதக்கும். ஊசியால் கோலமிட்டு, தாளை மெல்லப் படியவைத்து எடுத்தால் நீரின்மேலிருந்த கோலம் தாளில் ஏறிவிடும். இஸ்தம்பூல் ஆயா ஸோஃபியாவின் கதீபாக விளங்கிய மெஹ்மத் எஃபந்தி (மறைவு 1773) இதில் மலரொத்த வடிவங்களை உருவாக்கினார். அவ்வகைக்கு இன்றளவும் 'கதீப் எப்ரு' என்றே பெயர். பதினேழாம் நூற்றாண்டுத் தக்காணத்தில், பீஜாப்பூர்ப் பகுதி ஓவியர்கள் குதிரை, மனித உருவங்களையே இம்முறையில் தீட்டினர். துருக்கியின் எப்ருக் கலையை யுனெஸ்கோ 2014-ஆம் ஆண்டு மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இதனை வெறும் அழகுக்கென்று எண்ணற்க. நீரில் மிதந்த ஒரு கோலம் மறுமுறை அவ்வாறே அமையாது. ஆகவே மெல்லிய எப்ருத் தாளில் எழுதிய ஆவணத்தைத் திருத்தினால் அடியிலுள்ள கோலம் கலைந்து பொய் வெளிப்படும். இக்கலையைக் கற்ற ஐரோப்பியர் நூலட்டையின் உட்புறத்தில் ஒட்டவும், கணக்குப் பேரேடுகளின் விளிம்பில் பதிக்கவும் பயன்படுத்தினர்; பேரேட்டில் ஓர் ஏடு கிழிக்கப்பட்டாலும் விளிம்புக் கோலத்தின் முறிவு அதைக் காட்டிவிடும். 1775-இல் அமெரிக்காவில் வெளியான இருபது டாலர் தாளின் ஓரத்துக்குப் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இத்தாளைத் தருவித்ததும் இக்காரணம் பற்றியே.

மை விட்டுப்பிரியும் தாள்

பதினான்காம் நூற்றாண்டு முதல் இத்தாலியக் காகிதம் மலிவாக வந்து குவிந்து, முஸ்லிம் நாடுகளின் காகிதத் தொழிலை நலியச் செய்தது. சிலுவையும் உயிருருவங்களும் நீர்க்குறியாக உள்ள அத்தாளில் மார்க்க நூல் எழுதலாமா என்ற கேள்வி எழுந்தபோது, திலிம்ஸான் நகர அறிஞர் இப்னு மர்ஸூக் ஹிஜ்ரி 812-இல் (கி.பி. 1409) எழுதலாம் என்று ஃபத்வா வழங்கினார். பின்னர் வெனிஸ் வணிகர்கள், உஸ்மானியச் சந்தையை நோக்கி மூன்று பிறைகளை நீர்க்குறியாகப் பதித்துத் தாள் அனுப்பினர்.

அடுத்து வந்தது அச்சு. அரபு எழுத்து சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் வடிவம் மாறும். அதன்மேல் ஹரக்கத்துகளும் வேண்டும். ஈய அச்செழுத்து வார்ப்பது பெருஞ்செலவாயிற்று. அரபுத் தமிழுக்கோ இடர் இரட்டிப்பு. தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகப் புள்ளிகள் கூட்டி அமைத்த எழுத்துகளை எந்த வார்ப்புப் பட்டறையில் தேடுவது? இதற்கு விடையாக வந்தது, பவேரியாவின் ஸெனஃபெல்டர் 1796-ஐ ஒட்டிக் கண்டறிந்த கல்லச்சு முறை.

கல்லில் நேரே எழுதினால் இடவலம் மாற்றி எழுத வேண்டும். இதற்கும் வழி காட்டியது ஒரு தனிக் காகிதமே. கஞ்சியும் பசையும் பூசிய தாளில் காத்திப் வழக்கம்போல் நெய்ப்பசையுள்ள மையால் எழுதுவார். அதை ஈரப்படுத்தி, எழுதிய பக்கம் கல்லில் படுமாறு வைத்து அழுத்தினால், பூச்சு கரைந்து மை முழுவதும் தாளைவிட்டுக் கல்லுக்கு இடம் மாறும். கல்லில் தலைகீழாய் நிற்கும் எழுத்து அச்சிடும்போது நேராகும். திவான் தாளில் மை ஊறியது; ஆஹார் தாளில் மேலே நின்றது; இத்தாளிலோ விட்டுப்பிரிந்தது. இம்மூன்றாவது தாள் இல்லையேல், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரபுத் தமிழ்க் கிதாபுகள் நம் பாட்டிமார் கைகளில் தவழ்ந்திருக்கமாட்டா. காத்திபின் கையெழுத்தே ஊர்தோறும் சென்றது.

இழப்பும் கடமையும்

ஆனால் அக்கல்லச்சு நூல்கள் பலவற்றின் தலைவிதி வருந்தத்தக்கது. ஆயிரமாண்டுக்கு முன், ஹிஜ்ரி 391-இல், பாக்தாதில் இப்னுல் பவ்வாப் காகிதத்தில் எழுதிய குர்ஆன் இன்று டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் பொலிவுடன் விளங்குகிறது. நூறாண்டுக்கு முன் அச்சான கிதாபோ தொட்டால் நொறுங்குகிறது. காரணம் தாளின் உள்ளே இருக்கிறது. பழைய முறையில் நாரைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்தனர். நீண்ட இழைகளும், தங்கிய சுண்ணாம்பும் தாளைக் காத்தன. 1807-இல் இல்லிக் என்னும் ஜெர்மானியர் வகுத்தபடி குங்கிலியமும் படிகார வகை உப்பும் கூழிலேயே கலக்கும் வழக்கம் வந்தது. 1840-களில் மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறையும் சேர்ந்தது. அவ்வுப்பு ஈரக்காற்றில் அமிலமாகி இழைகளை அறுக்கிறது; மரக்கூழ் பழுப்பேறுகிறது. காகிதம் மலிவானது, அதன் ஆயுளும் சுருங்கியது.

நொறுங்கிய ஏடுகளை நம் ஊர்களில் என்ன செய்கிறோம்? பழைய முஸ்ஹஃபின் ஏடுகளோடு கட்டி, கண்ணியமாகப் புதைத்துவிடுகிறோம். அல்லது நீரில் விடுகிறோம். இறைவசனங்களுக்குக் காட்டும் மரியாதை போற்றற்குரியதே. ஆனால் அக்கட்டினுள் வேறெங்கும் பிரதியில்லாத ஒரு மஸ்அலா நூலோ, முனாஜாத்தோ, பாட்டனார் கைப்பட எழுதிய வைத்தியக் குறிப்போ இருந்தால் அது அன்றோடு மறைந்துபோகும். ஆகவே அப்பெட்டியைத் திறந்ததும் முதலில் விவரமறிந்த ஆலிம் ஒருவரிடம் காட்டுங்கள். முதல் ஏட்டிலிருந்து கடைசி ஏடு வரை படம் பிடித்து வையுங்கள். ஒட்டும் டேப்பைத் தொடாதீர்கள். அதன் பசை ஏட்டைக் கறையாக்கும். சூடேற்றி பிளாஸ்டிக் உறையிட்டுவிடாதீர்கள். பின்னர் அதைப் பிரிக்க இயலாது. ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைத்தாலே ஆயுள் நீளும்.

புதிதாக அச்சிடுவோருக்கும் ஒரு சொல். நம் வீட்டுத் திருமண அழைப்பிதழுக்குத் தடித்த அட்டையும் பொன்னெழுத்தும் தேடி நான்கு கடை ஏறி இறங்குகிறோம். அதன் ஆயுள் நிக்காஹ் நாள் வரைதான். பாட்டனாரின் கிதாபை மறுபதிப்புச் செய்யும்போதோ, 'எது மலிவோ அதில் அடியுங்கள்' என்று நியூஸ்பிரிண்ட் தாளில் அச்சிட்டுவிடுகிறோம். நீடித்து நிற்கும் தாளுக்கென 1994-இல் உலகத் தர அமைப்பு ஐ.எஸ்.ஓ. 9706 என்ற அளவுகோலை வகுத்துள்ளது. அச்சகத்தாரிடம் அமிலமற்ற தாள் வேண்டும் என்று கேளுங்கள். ஆயிரம் பிரதிக்கும் அது கட்டுப்படியாகாதெனில், நூலகத்துக்கும் மதரஸாவுக்கும் குடும்பத்துக்குமாக ஐம்பது பிரதியையேனும் அத்தாளில் எடுத்து, கெட்டியாகத் தைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

புறா சுமக்கும் செய்திக்கு ஒரு தாள், பேரரசர் மடலுக்கு ஒரு தாள், மறைநூலுக்கு ஒரு தாள் என்று அறிந்து நடந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். நம் பேரப்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று எண்ணி அச்சிடும் நூலுக்கு, அவர்கள் காலம் வரை நிற்கக்கூடிய தாளைத் தேர்வது நம் கடமையாகும்.