வைக்கோல் விரயமும் தீவனச் செலவும்

மாட்டுக்கென்று சேர்த்த வைக்கோலில் அதன் வயிற்றுக்குப் போகாமல் வீணாகும் பகுதியே வைக்கோல் விரயம். காஞ்சிபுரத்துக்கு மேற்கே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய தாமல், பெரிய ஏரியும் நெல் வயல்களும் கொண்ட ஊர். அங்கே உலர்தீவனம் என்றாலே வைக்கோல்தான். அறுவடை இயந்திரம் வயலில் சிதறவிட்டுப் போவதை இன்னொரு இயந்திரம் உருளைக் கட்டாகச் சுருட்டித் தருகிறது. நிலமில்லாமல் ஓரிரு மாடு வளர்ப்போர் அதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். பேரம் நடப்பது கட்டின் விலையில். பார்க்க வேண்டியதோ மாடு தின்ற கிலோவின் விலை. நூறு கிலோவில் முப்பது காலடியில் போனால், தின்ற ஒவ்வொரு கிலோவும் வாங்கிய விலையைவிட ஏறத்தாழ 43 விழுக்காடு கூடுதலாக விழும்.

இழப்பு தொழுவத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. சொர்ணவாரிப் பருவ நெல்லின் அறுவடை மழைக்காலத்தை ஒட்டி வருவதால் ஈரம் போகாத வைக்கோல் சூடேறிப் பூசணம் பிடிக்கும். பழைய வைக்கோல் போர் மேட்டில், கூம்பிய உச்சியோடு போடப்பட்டது. மழைநீர் சரிவில் வழிந்துவிடும். வெறுந்தரையில் கிடக்கும் உருளைக் கட்டோ அடியிலிருந்தே ஈரம் குடிக்கிறது. அடியில் கல்லோ கட்டையோ வைத்து, மேலே தார்ப்பாய் போட்டால் போதும், இதற்குப் பெரிய கொட்டகை வேண்டாம். அடுத்த இழப்பு போடும் விதத்தில். தரையில் பரப்பியதை மாடு மிதித்து, சாணமும் மூத்திரமும் பட்டபின் முகர்ந்துகூடப் பார்க்காது. விளிம்பு உயர்ந்த தொட்டியில், ஓரிரு அங்குலத் துண்டுகளாக நறுக்கிப் போட்டால் இழுத்துச் சிந்துவதும் பொறுக்கித் தின்பதும் குறையும். நெல் வைக்கோலில் இது இரட்டை லாபம்: சிலிக்கா மிகுந்த இலையைவிட, மாடு மிச்சம் வைக்கும் தண்டுதான் நன்றாகச் செரிக்கும்.

மிஞ்சியது எருக்குழிக்குத்தானே போகிறது, அது எப்படி வீண் என்று கேட்பார்கள். எரு ஆகிறது, உண்மை. ஆனால் தீவன விலை கொடுத்து வாங்கிய எரு. நறுக்கும் இயந்திரம் ஒற்றை மாட்டுக்காரருக்குக் கட்டுபடியாகாது என்பது நியாயமான மறுப்பு. அவர் நாலு வீட்டோடு கூட்டாக வாங்கலாம், அல்லது தொட்டியை மட்டும் சரிசெய்தே பாதி பயன் பெறலாம். வைக்கோலில் புரதம் 3 முதல் 4 விழுக்காடுதான் என்பதால் யூரியா ஊட்டமும் பரிந்துரைக்கப்படுகிறது: நூறு கிலோவுக்கு 4 கிலோ யூரியாவை ஐம்பது, அறுபது லிட்டர் நீரில் முழுதாகக் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைத்து, நெடி போக ஆறவிட்டுப் போடுவது. நஞ்சாகும் என்ற அச்சம் வீணல்ல. கரையாத யூரியா மாட்டைக் கொல்லும், ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு இது கூடவே கூடாது. பசும்புல் தாராளமாகக் கிடைக்கும் வீட்டுக்கு இந்தப் பாடும் தேவையில்லை.