மானிப்பாய் மருத்துவக் கல்வியும் மாணவர் மனநிலையும்

கல்வி நிறுவனங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றை நிறுவியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அங்கு கற்ற மாணவர் எதனை விரும்பினர், எதனை வெறுத்தனர் என்பது ஓரிரு வரிகளுக்கு மேல் இடம்பெறுவதில்லை. ஆயினும், ஒரு கல்விமுறை வேரூன்றுவதிலும் நலிந்து மறைவதிலும் மாணவர் மனநிலைக்குப் பெரும் பங்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் நடைபெற்ற மருத்துவ வகுப்பு இதற்குத் தக்க சான்றாகும். ஆசிரியர் தம் வாழ்நாட் சாதனையாகக் கருதிய ஒன்றை மாணவர் தமக்கு நேர்ந்த இழப்பாகக் கருதினர். இம்முரண்பாடு எவ்வாறு தோன்றியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாழ்ப்பாணத்திற்கு மருத்துவக் கல்வி புதியதன்று. பரராசசேகரம் முதலிய நூல்கள் ஆரியச் சக்கரவர்த்திகள் காலந்தொட்டு இங்கு தமிழில் மருத்துவம் பேணப்பட்டமையை உணர்த்துவன. அக்கல்வி பரம்பரை பரம்பரையாகக் குடும்பங்களுள் நிலவியது. மேனாட்டு மருத்துவத்தை இங்கு பரப்பியோருள் அமெரிக்க மிசனரிமார் முதன்மையானவர். 1820இல் யாழ்ப்பாணம் வந்த யோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி தொடங்கினார். அவருக்குப் பின் வந்தோருள் ஒருவரே சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்த அவர், 1847இல் யாழ்ப்பாணத்தை அடைந்து, 1848 முதல் மானிப்பாயை நிலைக்களமாகக் கொண்டார். நோயாளரைப் பராமரித்தலோடு உள்ளூர் இளைஞருக்கு மருத்துவங் கற்பித்தலையும் அவர் மேற்கொண்டார். கொழும்பில் அரசினர் மருத்துவப் பாடசாலை 1870இலேயே தொடங்கப்பட்டது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இவ்வகுப்பு மாணவரைக் கவர்ந்தமைக்கு இரு காரணங்கள் கூறலாம். முதலாவது, அதன் கற்பித்தல் முறை. வைத்தியசாலையோடு இணைந்த வகுப்பாகையால் நூலறிவும் செயலறிவும் ஒருங்கே கிடைத்தன. ஏட்டிற் படித்த நோயை எதிரிலிருந்த நோயாளியிடங் காணும் வாய்ப்பு அன்று இலங்கையில் வேறெங்கும் எளிதிற் கிட்டியதன்று. இரண்டாவது, அதன் போதனாமொழி. தொடக்கத்தில் வகுப்பு ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. 1833ஆம் ஆண்டின் கோல்புறூக் சீர்திருத்தங்களின் பின் ஆங்கிலங் கற்றோருக்கே இராசாங்க உத்தியோகம் என்னும் நிலை வலுப்பெற்றிருந்தது. வட்டுக்கோட்டை செமினரியிற் பயின்று வந்த இளைஞர் மருத்துவத்தை ஒரு கலையாக மாத்திரமன்றி, உத்தியோகத்திற்குரிய வாயிலாகவும் கண்டனர்.

மாணவர் பெரிதும் விரும்பிய இப்பண்பே ஆசிரியருக்கு மனக்குறையாயிற்று. ஆங்கிலத்தில் மருத்துவம் பயின்றவர்கள் கிராமங்களை விட்டு அரசாங்க சேவையை நாடிச் செல்வதை அவர் கண்டார். கிராமத்து மக்களின் பிணி தீர்க்கவே மருத்துவர் பயிற்றப்பட்டனர். பயிற்சி முடிந்ததும் அவர்கள் அம்மக்களுக்கு எட்டாதவராயினர். தமிழர் தம் பண்பாட்டினின்று அந்நியப்படாமலே புதிய அறிவையும் சமயத்தையும் பெறவேண்டும் என்பது கிறீனின் கொள்கை. சமயம் பரப்புதலே அவர் வருகையின் அடிப்படை நோக்கம் என்பதை மறத்தலாகாது. தாய்மொழிக் கல்வி அந்நோக்கத்திற்கும் துணை செய்வதாயிருந்தது. செமினரி மாணவர் ஆங்கிலத்தையும் உத்தியோகத்தையுமே நாடுகின்றனர் என்னும் குறைபாட்டின் பேரில் 1855இல் அந்நிறுவனம் மூடப்பட்டமையும் இதே சிந்தனைப் போக்கின் விளைவேயாகும். தாயகஞ் சென்று 1862இல் மீண்ட கிறீன், 1864 முதல் தமிழையே போதனாமொழியாக்கினார்.

இம்மாற்றத்தை மாணவர் உவந்து ஏற்கவில்லை. இதனைத் தாய்மொழி வெறுப்பு என்று கூறுவது பொருந்தாது. அவர்கள் வீட்டிலும் வீதியிலும் வழங்கிய மொழி தமிழே. நோயாளியோடு உரையாடியதும் தமிழிலேயே. அவர்களது தயக்கத்திற்குக் காரணம் பொருளாதாரமாகும். தமிழிற் பெற்ற தேர்ச்சியை மதித்துப் பதவி வழங்க அரசாங்கம் ஆயத்தமாயிருக்கவில்லை. கிராமத்திலே தங்கித் தொழில் செய்வோனுக்குக் கிடைக்கும் சொற்ப வருவாய், அரச மருத்துவரின் மாதச் சம்பளத்திற்கு ஈடாகாது. மகனின் படிப்பிற்காகக் காணியை ஈடுவைத்த குடும்பம் இவ்வேறுபாட்டை நன்குணரும். இலட்சியம் ஆசிரியருடையது, அதற்குரிய விலையைச் செலுத்த வேண்டியவர் மாணவர்.

எனினும் தமிழ் வகுப்பு அவர்களுக்கு அளித்த நன்மையைக் குறைத்து மதிப்பிடுவதும் தவறாகும். பாடநூல் இன்றித் தாய்மொழிக் கல்வி இல்லை என்பதைக் கிறீன் உணர்ந்திருந்தார். தம் மாணவர் சிலரின் துணையுடன் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட மருத்துவ நூல்களை அவர் தமிழிலே தந்தார். பிரசவ வைத்தியம் 1857இலும், இரண வைத்தியம் 1867இலும், கிறேயின் உடற்கூற்று நூலைத் தழுவிய மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் இப்பணியைக் கைவிடவில்லை. மனுஷ சுகரணம் 1883இல், அவர் மறைவுக்கு முந்திய ஆண்டில் வெளியாயிற்று. கலைச்சொல்லாக்கத்தில் முதலிற் தமிழ்ச் சொல்லையும், அது கிட்டாவிடத்து வடசொல்லையும், இரண்டும் இயலாதவிடத்து ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பையும் கொள்ளுதல் அவரது நெறியாயிருந்தது. இந்நூல்களின் வடமொழிச் செறிவு இன்று வாசிப்போருக்கு இடர் தருவது உண்மையே. ஆனால் உடற்கூறு முதல் இரசாயனம் வரை தமிழிற் கற்பிக்க இயலும் என்பதை அவை ஐயத்திற்கிடமின்றி நிறுவின. கிறீனிடம் பயின்று மருத்துவரான அறுபதுக்கும் மேற்பட்டோருட் பெரும்பான்மையோர் தமிழிற் கற்றவர்களே.

அவ்வாறாயின், இம்முயற்சி ஏன் நிலைக்கவில்லை? மொழியின் வறுமையாலன்று, மாணவரின் நன்றியின்மையாலுமன்று. வகுப்பறைக்குள் தமிழை அரியணையேற்ற ஓர் ஆசிரியரால் முடிந்தது. வகுப்பறைக்கு வெளியே அதற்கு மதிப்பளிக்க வேண்டியது அரசாங்கமும் சமூகமுமாகும். 1870இல் கொழும்பில் ஆங்கிலத்திற் தொடங்கிய மருத்துவப் பாடசாலை அரச அங்கீகாரத்தைத் தன்வசம் கொண்டிருந்தது. மானிப்பாயிடம் நூல்கள் இருந்தன; பதவிகள் இருக்கவில்லை.

இவ்வரலாறு பழங்கதையன்று. 1978இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடம் தொடங்கப்பட்டபோது அதன் போதனாமொழி ஆங்கிலமாகவே அமைந்தது. கலைப்பீடத்தில் 1960ஆம் ஆண்டளவில் தாய்மொழி போதனாமொழியாயிற்று. தொழிலற்ற பட்டதாரிகள் என்னும் சொற்றொடரும் அதனைத் தொடர்ந்தே வழக்கில் வந்தது. தமிழிற் கற்கும் எம் போன்ற மாணவர், மானிப்பாய் மாணவரின் தயக்கத்தை விளங்கிக்கொள்ள நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. மறுபுறம், தன் நோவைத் தமிழிற் கூறும் நோயாளிக்கு விடையும் தமிழிற் கிடைக்கவேண்டும் என்னும் கிறீனின் நியாயமும் இன்றுவரை மறுக்கப்படாததே. இவ்விரு நியாயங்களும் ஒன்றையொன்று பகைக்க வேண்டியவை அல்ல. மொழிப்பற்றை மாணவரிடம் மாத்திரம் வேண்டி நிற்காது, அம்மொழியிற் கற்றோருக்குத் தொழிலும் மதிப்பும் உறுதிசெய்யும் சமூகமே தாய்மொழிக் கல்வியைப் பேச உரிமை பெறும். மானிப்பாய் மருத்துவ வகுப்பின் வரலாறு நமக்கு உணர்த்தும் உண்மை இதுவேயாகும்.