உழவர் குரல் - 14: கட்சி தொடங்காமல் சட்டம் வாங்கியவர்கள்

1921 மே மாதம். வாஷிங்டனில் ஃபார்ம் பீரோ என்ற விவசாய சங்கத்தின் அலுவலகத்துக்குச் செனட்டர்கள் சிலர் வந்து சேர்ந்தார்கள். அழைத்தவர் அயோவா மாநிலத்து வில்லியம் கென்யன், ஆளும் குடியரசுக் கட்சிக்காரர். கோதுமை விளையும் கான்சாஸிலிருந்து ஆர்தர் கேப்பர், பருத்தி விளையும் தென் கரோலினாவிலிருந்து எலிசன் ஸ்மித். ஸ்மித் எதிர்க்கட்சி. விவசாய மசோதாக்கள் வரும்போது கட்சியைப் பார்க்காமல் சேர்ந்து வாக்களிப்பது என்று அன்று முடிவெடுத்தார்கள். ‘ஃபார்ம் பிளாக்’ என்று பத்திரிகைகள் பெயர் வைத்த அணி அப்படித்தான் பிறந்தது.

அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தது விலை வீழ்ச்சி. முதல் உலகப்போரின்போது ஐரோப்பா பசியில் கிடந்தது. ‘விளைவியுங்கள்’ என்று அமெரிக்க அரசு சொன்னது. ஒரு புஷல் கோதுமைக்கு 2 டாலருக்கு மேல் உத்தரவாதமும் தந்தது. அதை நம்பி உழவர்கள் கடன் வாங்கினார்கள், நிலம் வாங்கினார்கள். போர் முடிந்தது, 1920-ல் உத்தரவாதமும் நின்றது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் கோதுமை விலை பாதியாகிவிட்டது. மக்காச்சோளத்தின் கதி இன்னும் மோசம். நிலக்கரி வாங்குவதைவிட மலிவு என்று சோளக்கதிரையே அடுப்பில் போட்டு எரித்தார்கள். அதே 1920-ல்தான் ரயில் கட்டணமும் ஏறியது. கடன் மட்டும் ஒரு காசும் குறையவில்லை.

இதற்கு முன்பும் அமெரிக்க உழவர்கள் கொதித்தெழுந்ததுண்டு. 1892-ல் தனிக்கட்சியாகவே தேர்தலில் நின்றார்கள். சில ஆண்டுகளில் பெரிய கட்சிகள் அதை விழுங்கிவிட்டன. 1919 நவம்பரில் சிகாகோவில் கூடி தேசிய அமைப்பான ஃபார்ம் பீரோ அந்த வழிக்கே போகவில்லை. அதன் பலம் வேறு. 1914-ல் வந்த ஸ்மித்-லீவர் சட்டம், கவுண்டி எனப்படும் மாவட்டந்தோறும் ஒரு வேளாண் ஆலோசகரை அமர்த்த வழி செய்திருந்தது. அவரைச் சுற்றி உள்ளூர் சங்கங்கள் வளர்ந்தன. ஆகவே வாஷிங்டனில் அலுவலகம் திறக்கும்போதே கவுண்டி கவுண்டியாக உறுப்பினர் பட்டியல் கையில் இருந்தது.

அந்தப் பட்டியலை ஆயுதமாக்கியவர் கிரே சில்வர். மேற்கு வர்ஜீனியாக்காரர். சங்கத்தின் சார்பில் நாடாளுமன்றத்தைக் கவனிக்கும் பொறுப்பு அவருடையது. அவர் விருந்து வைத்து ஆள் பிடிக்கவில்லை. ஒவ்வொரு நாடாளுமன்ற உறுப்பினரும் எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்று குறித்து வைத்தார். முக்கியமான பிரச்சினை வந்தால் உள்ளூர் சங்கங்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, உறுப்பினர்களின் கருத்தைத் திரட்டினார். உங்கள் தொகுதியில் இத்தனை பேர் இதைக் கேட்கிறார்கள் என்று எண்ணிக்கையோடு அந்தத் தொகுதிக்காரரின் முன் வைத்தால், அவர் எப்படித் தட்டிக்கழிப்பார்? மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. உழவர் இயக்க வரலாற்றில் சில்வருக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்பது என் கருத்து.

பலன் உடனே தெரிந்தது. 1921 ஆகஸ்டில் இறைச்சிக் கம்பெனிகளையும் கால்நடைச் சந்தைகளையும் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. ஸ்விஃப்ட், ஆர்மர் முதலான ஐந்து கம்பெனிகள் மாட்டுக்கு வைத்ததே விலை என்றிருந்த நிலைமைக்குக் கடிவாளம் அது. தானிய முன்பேர வணிகத்துக்கும் அதே மாதம் ஒரு சட்டம் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் அதை அடித்துப்போட்டபோது, 1922-லேயே வேறு அடிப்படையில் புதிதாக எழுதி நிறைவேற்றினார்கள். எல்லாவற்றிலும் பெரியது 1922 பிப்ரவரி 18-ல் வந்த கேப்பர்-வோல்ஸ்டெட் சட்டம். அதுவரை உழவர்கள் கூடி விளைபொருளை விற்றாலே, ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்கு வரலாம் என்ற நிலை. பெருமுதலாளிகளுக்காகப் போட்ட சட்டம் பால்காரர்கள் மேல் பாய்ந்துகொண்டிருந்தது. கூட்டுறவாக விற்பதை இந்தச் சட்டம் உரிமையாக்கியது. இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது.

1922 தொடக்கத்தில் அதிபர் ஹார்டிங், கென்யனுக்கு நீதிபதி பதவி தந்தார். தலைவரை நகர்த்தினால் அணி கலைந்துவிடும் என்ற கணக்கு அது என்று அப்போதே பேசிக்கொண்டார்கள். கேப்பர் தலைமைக்கு வந்தார், வேலை தொடர்ந்தது. ஆனால் உபரி விளைச்சலை அரசே வாங்கி வெளிநாட்டில் விற்க வேண்டும் என்ற மெக்நாரி-ஹாகன் மசோதா மட்டும் கரையேறவில்லை. இரு அவைகளும் நிறைவேற்றியும் 1927, 1928 என இரண்டு முறை அதிபர் கூலிட்ஜ் கையெழுத்திட மறுத்தார்.

1933-ல் ரூஸ்வெல்ட் ஆட்சியில்தான் விலைக்கு ஆதரவு தரும் சட்டம் வந்தது. ஃபார்ம் பீரோவின் தலைவர் எட்வர்ட் ஓ’நீல் அந்தச் சட்டத்துக்காகக் கடுமையாக உழைத்தார். விளைச்சலைக் குறைத்தால் அரசு பணம் தரும் என்பது ஏற்பாடு. அந்த ஆண்டு சுமார் 1 கோடி ஏக்கர் பருத்திப் பயிரை உழுதே அழித்தார்கள்.

பணம் யார் கைக்குப் போனது? தெற்கு மாநிலங்களில் நில உடைமையாளர் கைக்கு. வாரத்துக்கு உழுதவர்களுக்கு, கறுப்பரானாலும் வெள்ளையரானாலும், பங்கு சரியாகப் போய்ச்சேரவில்லை. சாகுபடிப் பரப்பு குறைந்ததால் பல குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1934 ஜூலையில் ஆர்கன்சாஸின் டைரோன்சாவில் இரு நிறத்தாரும் சேர்ந்து தனிச்சங்கம் கண்டார்கள். அவர்கள் பக்கம் நின்ற ஜெரோம் ஃபிராங்க் உள்ளிட்ட, அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்திய அதிகாரிகள் 1935 பிப்ரவரியில் வேலையிழந்தார்கள். ஏழை உழவருக்குக் கடன் தரவும் குடியமர்த்தவும் அரசு அமைத்த பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகத்தை நாடாளுமன்றத்தில் முன்னின்று எதிர்த்ததும் ஃபார்ம் பீரோதான். சில்வர் கற்றுக்கொடுத்த அதே வழியில், அதே திறமையோடு எதிர்த்தது. 1946-ல் அந்த நிர்வாகம் கலைக்கப்பட்டது.

(தொடரும்)