நிலவறையில் கேட்ட புதுக்குரல்



உலகம் முழுவதும் புகழ்ந்த பின்னர் ஒரு கலைஞனைப் போற்றுதல் எளிது. அவன் பெயரை யாரும் அறியாத நாளில், சிறிய கூடமொன்றில் நின்று, ‘இவனிடம் ஏதோ ஒன்று இருக்கிறது’ என்று உணர்தல் அரிது. அத்தகைய முதற் செவி யாருடையது என்னும் வினாவிற்கு வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஒரே ஒரு பெயரை விடையாகத் தருகின்றன. கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டார் என்பது போல, இன்னார் இன்னாரைக் கண்டுபிடித்தார் என்று எழுதி முடித்துவிடுகின்றன. அந்த விடை எவ்வளவு தூரம் உண்மை? இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் 1957-க்கும் 1963-க்கும் இடையே நடந்த செய்திகளைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

லிவர்ப்பூல், மெர்சி ஆற்றின் முகத்துவாரத்தில் அமைந்த துறைமுகப்பட்டினம். இரண்டாம் உலகப் போரில் விமானத் தாக்குதலால் பெரிதும் சிதைந்த நகரம் அது. போர் முடிந்து பத்தாண்டுகள் கடந்த பின்னும் இடிபாடுகள் பல அகற்றப்படாமலே கிடந்தன. இசைத்தட்டு நிறுவனங்களும் வானொலி நிலையத்தின் தலைமையகமும் புகழ்பெற்ற அரங்குகளும் இருந்த இடம் தலைநகராகிய லண்டன். லிவர்ப்பூல் இளைஞன் ஒருவன் பாடகனாகப் புகழ்பெறுவான் என்று அந்நாளில் லண்டனில் எவரும் எதிர்பார்க்கவில்லை.

1955-ஆம் ஆண்டின் இறுதியில் லோனி டோனகன் என்பவரின் இசைத்தட்டு ஒன்று வெளியாயிற்று. அடுத்த ஆண்டில் அது நாடெங்கும் ஒலித்தது. ‘ஸ்கிஃபில்’ எனப்பட்ட அவ்விசைக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. மலிவான கித்தார் ஒன்று. துணி துவைக்கும் நெளிபலகை ஒன்று. தேயிலை வந்திறங்கிய மரப்பெட்டியில் ஒரு துடைப்பக் கம்பை நிறுத்தி, கயிறு கட்டி மீட்டும் தந்திக்கருவி ஒன்று. இவை போதும், ஒரு குழு உருவாகிவிடும். பிரிட்டனில் ஆயிரக்கணக்கான சிறுவர் குழுக்கள் இவ்வாறு தோன்றின. ஜான் லெனன் என்னும் பள்ளி மாணவன் அமைத்த ‘குவாரிமென்’ குழுவும் அவற்றுள் ஒன்று. 1957 ஜூலை 6 அன்று வூல்ட்டன் என்னும் பகுதியில் நடந்த தேவாலய விழாவில் அக்குழு வாசித்தது. அன்றுதான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் முதன்முதலாகச் சந்தித்தனர்.

இவ்வளவு இளைஞர் ஒரே காலத்தில் இசையில் இறங்கியதற்கு அரசியல், பொருளாதாரக் காரணங்களும் உண்டு. பிரிட்டனில் இளைஞர் அனைவரும் கட்டாயமாகப் படைப்பணி ஆற்றவேண்டும் என்ற விதி 1960-ஆம் ஆண்டின் இறுதியோடு முடிவுற்றது. 1939 அக்டோபருக்குப் பின் பிறந்தோர் அழைக்கப்படவில்லை. ஆகவே, பதினெட்டு வயதில் குழுவைக் கலைத்துவிட்டுப் படைவீட்டிற்குச் செல்லவேண்டிய நிலை அவர்களுக்கு நேரவில்லை. மேலும், தவணை முறையில் பொருள் வாங்குவதற்கு இருந்த கட்டுப்பாடுகள் 1958-இல் தளர்ந்தன. தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் மாதம் சிறு தொகை செலுத்தி மின்கித்தார் வாங்க வழி பிறந்தது. கலை வானத்திலிருந்து விழுவதன்று. அது வேரூன்ற நிலம் பண்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

கருவி கிடைத்துவிட்டது, இடம்? லிவர்ப்பூலின் மேற்கு டார்பி பகுதியில் மோனா பெஸ்ட் என்ற அம்மையார் வாழ்ந்தார். டில்லியில் பிறந்தவர். அவருடைய மூத்த மகன் பீட்டர் 1941-இல் நம் சென்னை மாநகரில் பிறந்தவர். 1945-இல் அக்குடும்பம் லிவர்ப்பூலில் குடியேறிற்று. தம் பிள்ளைகளும் அவர்களுடைய நண்பர்களும் கூடி மகிழ ஓர் இடம் வேண்டும் என்று எண்ணிய அந்த அம்மையார், தம் வீட்டு நிலவறையைத் துப்புரவாக்கி, 1959 ஆகஸ்ட் 29 அன்று ‘காஸ்பா’ என்ற காப்பி மன்றத்தைத் தொடங்கினார். மன்றத்தின் சுவர்களுக்கும் கூரைக்கும் வண்ணம் பூசியவர்களுள் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற இளைஞர்களும் இருந்தனர். தொடக்க நாளில் வாசித்தவர்களும் அவர்களே. இந்த அம்மையாரின் பெயரை எத்தனை வரலாற்று நூல்கள் முதல் அதிகாரத்தில் கூறுகின்றன?

நகரின் நடுவே, மாத்யூ தெருவில், பழக்கிடங்கு ஒன்றின் அடியில் இன்னொரு நிலவறை இருந்தது. போர்க்காலத்தில் அது விமானத் தாக்குதலிலிருந்து மக்கள் ஒதுங்கும் புகலிடமாகப் பயன்பட்டது. 1957 ஜனவரி 16 அன்று ஆலன் சிட்னர் என்பவர் அங்கே ‘கேவர்ன்’ என்னும் மன்றத்தைத் திறந்தார். பாரிஸ் நகரத்து நிலவறை மன்றமொன்றைக் கண்டு அதன் சாயலில் அமைத்தது அது. அவர் விரும்பியது ஜாஸ் இசையை மட்டுமே. இளைஞரின் ஆர்ப்பாட்ட இசைக்கு அங்கே வரவேற்பில்லை. 1959-இல் மன்றத்தை வாங்கிய ரே மெக்ஃபால், காலத்தின் போக்கை அறிந்து கதவைத் திறந்துவிட்டார். நண்பகல் உணவு வேளையிலும் நிகழ்ச்சிகளைத் தொடங்கினார். அலுவலக எழுத்தர்களும் கடைகளில் பணிபுரியும் பெண்களும் சிறு கட்டணம் செலுத்தி இறங்கி வருவர். அங்கே மது இல்லை, தேநீரும் சூப்பும்தான். காற்றோட்டம் குறைவு. சுவர்களில் வியர்வை நீராய் வழியும். ஆயினும், பாடுவோர்க்கும் கேட்போர்க்கும் இடையே இரண்டடித் தொலைவுகூட இல்லை. பாட்டு நன்றாக இல்லையெனில் அடுத்த கணமே முகத்தில் தெரிந்துவிடும். இதனினும் சிறந்த பள்ளிக்கூடம் ஒரு கலைஞனுக்கு வாய்க்குமோ?

1960 ஆகஸ்டில் ‘பீட்டில்ஸ்’ என்னும் பெயர் பூண்ட குழு, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குச் சென்றது. கொட்டடித்தவர் சென்னையில் பிறந்த பீட்டர் பெஸ்ட். அங்கே இரவு தோறும் பல மணி நேரம் இடைவிடாது வாசிக்க நேர்ந்தது. உழைப்பு அவர்களை உருக்கி வார்த்தது. அவ்வாண்டு டிசம்பர் 27 அன்று லிதர்லண்டு நகர மண்டபத்தில் அவர்கள் வாசித்தபோது, கூட்டம் ஆடலை மறந்து மேடையை நோக்கி நெருங்கிற்று என்பர். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கேவர்னில் அவர்கள் நண்பகல் நிகழ்ச்சி தொடங்கிற்று. 1963 ஆகஸ்ட் வரையில் ஏறக்குறைய முந்நூறு முறை அங்கே வாசித்தனர்.

கேட்போரும் இடமும் இருந்தால் மட்டும் போதாது; செய்தி பரவ வேண்டும். லிவர்ப்பூல் கலைக் கல்லூரியில் லெனனுடன் பயின்ற பில் ஹாரி என்ற இளைஞர், 1961 ஜூலை 6 அன்று ‘மெர்சி பீட்’ என்னும் இதழைத் தொடங்கினார். முதல் இதழ் 5,000 படிகள். எந்தக் குழு, எந்த மண்டபத்தில், எந்த நாளில் என்ற விவரங்களோடு, பெரிய நாளேடுகள் திரும்பியும் பாராத உள்ளூர்க் கலைஞர்களைப் பற்றி அது எழுதிற்று. தங்கள் நகரில் இத்தனை குழுக்களா என்று லிவர்ப்பூல் இளைஞரே வியந்தனர்.

இனி, வரலாற்றில் வழங்கும் கதைக்கு வருவோம். வைட்சாப்பல் தெருவில் இசைத்தட்டுக் கடை நடத்தியவர் பிரையன் எப்ஸ்டைன். 1961 அக்டோபர் இறுதியில் ஓர் இளைஞர் கடைக்கு வந்து, பீட்டில்ஸ் ஜெர்மனியில் பதிவு செய்த தட்டைக் கேட்டாராம். அப்பெயரையே அறியாத எப்ஸ்டைன் வியப்புற்று, நவம்பர் 9 அன்று சில நிமிட நடைத்தொலைவிலிருந்த கேவர்னுக்கு இறங்கிச் சென்று அவர்களைக் கண்டுபிடித்தாராம். 1964-இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் அவரே இவ்வாறு கூறுகிறார்.

கதை அழகானது. ஆனால் வரலாற்று மாணவன் அழகோடு நின்றுவிடலாகாது. சான்றைத் தேட வேண்டும். மெர்சி பீட் இதழ் ஜூலை முதலே எப்ஸ்டைன் கடையில் விற்பனையாயிற்று. அதன் இரண்டாம் இதழின் முதற்பக்கச் செய்தியே பீட்டில்ஸ் குழுவைப் பற்றியது. ஆகஸ்டு முதல் அவ்விதழில் இசைத்தட்டு மதிப்புரை எழுதியவரும் எப்ஸ்டைனே. தாம் எழுதும் இதழில் மீண்டும் மீண்டும் அச்சான பெயரை அவர் அறியார் என்று நம்புதல் கடினம். எனவே, திடீரென்று நிகழ்ந்த கண்டுபிடிப்பு என்பதைவிட, பல மாதங்களாகப் பரவிய பேச்சு இறுதியில் ஒருவரைப் படியிறங்கச் செய்தது என்று கொள்வதே பொருத்தம்.

இதனால் எப்ஸ்டைனின் பெருமை குறைந்துவிடாது. செவியுற்றோர் பலர், பொறுப்பை ஏற்றவர் அவர். 1962 ஜனவரி முதல் நாள் லண்டன் டெக்கா நிறுவனத்தில் சோதனைப் பதிவு நடந்தது. அந்நிறுவனம் மறுத்துவிட்டு, லண்டனுக்கு அண்மையிலிருந்த வேறொரு குழுவை ஏற்றது. வேறு சில நிறுவனங்களும் கைவிரித்தன. மனம் தளராமல் அலைந்த எப்ஸ்டைன், இ.எம்.ஐ. நிறுவனத்தைச் சார்ந்த ஜார்ஜ் மார்ட்டினை அடைந்தார். 1962 அக்டோபர் 5 அன்று முதல் தட்டு வெளியாயிற்று. கேவர்னின் நண்பகற் கூட்டம் ஓராண்டுக்கும் மேலாக அறிந்திருந்ததைத் தலைநகரின் வல்லுநர் அறிந்துகொள்ள அவ்வளவு காலம் பிடித்தது!

வெற்றியின் வாசலில் ஒரு துயரமும் நேர்ந்தது. அத்தட்டு வெளியாவதற்குச் சில வாரங்கள் முன்னர், ஆகஸ்ட் 16 அன்று, பீட்டர் பெஸ்ட் குழுவினின்றும் விலக்கப்பட்டார். அவ்விடத்திற்கு ரிங்கோ ஸ்டார் வந்தார். தாயின் நிலவறையில் வளர்ந்த குழு மகனை விட்டுச் சென்றது. வெற்றி பெற்றோரை மட்டும் எண்ணுகின்ற வரலாறு முழு வரலாறாகாது.

நல்ல செவி ஒரு நகரத்தை மட்டும் உயர்த்துவதன்று. லிவர்ப்பூலுக்கு அருகில் பிறந்த ஜான் பீல், 1967-இல் பி.பி.சி.யின் ரேடியோ 1 தொடங்கியது முதல் 2004-இல் மறையும் வரை, பெயரறியாக் குழுக்கள் அனுப்பிய ஒலிநாடாக்களைப் பொறுமையோடு கேட்டு ஒலிபரப்பினார். 1978-இல் வட அயர்லாந்தின் டெரி நகரத்து இளைஞர் குழுவாகிய ‘அண்டர்டோன்ஸ்’ பாடிய பாட்டொன்றை அடுத்தடுத்து இருமுறை ஒலிக்கச் செய்தார். ஒரு நிலவறையின் பணியை ஒரு வானொலி நிலையமும் ஆற்ற முடியும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

கேவர்னின் கதி என்னவாயிற்று? சுரங்க இரயில் பாதைக்குக் காற்றுப்போக்கி அமைக்கவேண்டும் என்று கூறி, 1973 மே மாதத்தில் அதை மூடினர். கிடங்கு இடிக்கப்பட்டது, நிலவறை மண்ணால் நிரம்பிற்று. காற்றுப்போக்கியோ அங்கே கட்டப்படவே இல்லை! வெற்றிடம் வண்டிகள் நிறுத்துமிடமாயிற்று. பின்னர்ப் பழைய செங்கற்கள் பலவற்றைக் கொண்டு 1984-இல் மன்றத்தை மீண்டும் எழுப்பினர். செங்கல்லைத் திரும்பப் பெறலாம். இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கே பாடியிருக்கக்கூடிய குரல்களைத் திரும்பப் பெற இயலுமா? வாடகை உயர்வாலும், அண்டைவீட்டார் முறையீட்டாலும், நில விற்பனையாலும் சிற்றரங்குகள் மறைந்துவருவதைக் கண்டே, 2014-இல் பிரிட்டனில் அவற்றைக் காக்க ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது.

ஆகவே, ‘கண்டுபிடித்தவர் யார்?’ என்ற வினாவிற்கு விடை ஒரு பெயரன்று. வீட்டின் அடியைத் திறந்துவிட்ட தாய். பழைய விருப்பத்தை விட்டுக் கதவைத் திறந்த மன்றத் தலைவர். இதழ் நடத்திய மாணவர். கடைக்குச் சென்று தட்டைக் கேட்டோர். உணவு வேளையைத் துறந்து படியிறங்கிய எழுத்தரும் கடைப்பெண்களும். இறுதியாக, பொறுப்பேற்ற வணிகர். இவர்களுள் பெரும்பாலோர் உங்களைப் போன்ற இளைஞர்களே. பெரிய மண்டபத்தில் புகழ்பெற்றோரைக் கேட்பது இன்பம். அதை வேண்டா என்று கூறவில்லை. ஆயினும், பத்துப் பேர் அமர்ந்திருக்கும் சிறு கூடத்தில் பெயரறியாதவர் ஒருவர் பாடுவதைக் கேட்கச் செல்லுங்கள். நன்றாக இருந்தால் நண்பர்களிடம் சொல்லுங்கள்; நாலு வரி எழுதுங்கள். பதினோராவது ஆளாக நீங்கள் அமரும்போது, அந்தக் கலைஞனின் வரலாற்றில் உங்களுக்கும் ஓர் இடம் உண்டாகிறது.