படமே இலக்கணம்: விக்டோரியா காலக் கோழிப் படங்களும் நாமக்கல் பண்ணைகளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அச்சான கோழியினப் படங்களை, அக்காலப் பறவைகள் எப்படி இருந்தன என்பதற்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அப்படிக் கொள்வது பிழை என்பது என் வாதம். கோழி எப்படி இருக்க வேண்டும் என்று விதித்தவை அவை.

1870களில் வெளிவந்த லூயிஸ் ரைட்டின் கோழி நூலுக்கு வண்ணப்படங்கள் வரைந்தவர் ஜே. டபிள்யூ. லட்லோ. நிறத்துக்கொரு கல் வைத்து அச்சடித்த கல்லச்சுப் படங்கள். இனப்பெயரோடு வளர்த்தவர் பெயரும், எந்தக் கண்காட்சியில் என்ன பரிசு என்பதும் படத்தடியில் சேர்ந்துவரும். லட்லோ கண்காட்சிகளின் நடுவரும்கூட. தீர்ப்புச் சொல்பவரே வரைந்துகாட்டினால், அடுத்த போட்டிக்கு எந்தச் சேவலை வைத்துக்கொள்வது, எதைக் கறிக்கு அனுப்புவது என்பதைப் படம் பார்த்தே முடிவு செய்யலாம். இதற்கு முன்கதை உண்டு. சேவற்சண்டையை அங்கே 1835இல் சட்டம் தடை செய்தது. 1865இல் கோழி வளர்ப்போர் கழகம் தரநூல் வெளியிட்டது. களத்தில் கால் தீர்த்த வழக்கை அதன்பின் கண் தீர்க்கலாயிற்று. 

நாமக்கல் மாவட்டத்தின் கோழிப்பண்ணை ஷெட்டுகளில் இந்தக் கண்ணுக்கு வேலையில்லை. கூண்டில் நிற்கும் முட்டைக்கோழியான பிவி 300, வெள்ளை லெகார்ன் வழிவந்த கலப்பு. அதைத் தேர்ந்தவை முட்டை எண்ணிக்கையும் தீவனக் கணக்கும். கறிக்கோழியின் தந்தைவழியில் இருக்கும் கார்னிஷ், இங்கிலாந்தின் கார்ன்வாலில் நம் சண்டைக்கோழி இனமான அசிலைக் கலந்து உருவாக்கியது. ‘இந்தியன் கேம்’ என்று அங்கே மேடையேறிய உடல், இங்கே கிலோ விலையாகத் திரும்பியிருக்கிறது.

லட்லோவின் உண்மையான வாரிசைக் கிளிமூக்கு விசிறிவால் சேவல் வளர்ப்போரிடம்தான் பார்க்கிறேன். சண்டைச் சேவல் வழியில் வந்தாலும் இதைக் களத்தில் விடுவதில்லை. வளைந்த குட்டை மூக்கும் நீண்ட வாலுமே விலை. செல்பேசியில் வரும் விற்பனைப் படங்களில் சேவல் பெரும்பாலும் பக்கவாட்டில், கழுத்தை நிமிர்த்தி, வால் முழுதும் தெரிய நிற்கும். அச்சுப்படத்தின் அதே நிலை. வாங்குபவர் அந்தப் படத்தைக் கொண்டே ஜோடி சேர்க்கிறார்.

தமிழ்நாட்டில் சேவலின் உருவம் எல்லாக் காலத்திலும் இப்படியே பயன்பட்டதில்லை. விழுப்புரம் வட்டாரத்து அரசலாபுரம், இந்தளூர் கோழி நடுகற்கள் போரிட்டு மாண்ட தனிச் சேவல்களுக்கு எடுத்தவை. அங்கே வரைந்தது இனத்தை அல்ல, ஒரு வீரனை.

எனவே கிளிமூக்கின் வரலாற்றை எழுதப்போகிறவர் இந்தப் படங்களை வாங்குவோர் விருப்பத்தின் ஆவணமாக மட்டுமே கொள்ள வேண்டும். எடை, முட்டை, குஞ்சு பிழைப்பு ஆகியவற்றைத் தனியே அளந்தாக வேண்டும். பெட்டைக்கு இது இன்னும் பொருந்தும். லட்லோ சேவலோடு பெட்டையையும் சேர்த்தே வரைந்தார். விற்பனைப் படங்களில் பெட்டை அரிது, குஞ்சின் பாதி அதனிடமிருந்தே வந்தாலும்.